நூறடி தூரம்

டிசம்பர் 26, காலை ஆறரை மணி. பனி படர்ந்த புல்வெளியில் பதினேழு காட்டுமாடுகள் மேய்ந்தன. நூறடி தள்ளி, கதிரேசனின் கேமராவில் நெட்டை என்ற நீள லென்ஸ் பார்த்துக்கொண்டிருந்தது.

“இவ்வளவு தள்ளி நிக்கிறீங்களே, பயமாண்ணே?” என்று அவர் சட்டைப்பையிலிருந்து செல்போன் சீண்டியது. “நேத்து எல்லாரும் பாராட்டினது என் படத்தைத்தான்.”

“அப்போ நீயே எடுத்துக்கோ!” ரோஷத்தில் நெட்டை தன் பார்வையை மங்கலாக்கிக்கொண்டது.

“சே, பனி பிடிச்சிருச்சு” என்று கதிரேசன் கேமராவைப் பைக்குள் போட்டு மூடினார். செல்போனில் எடுக்க, மாடுகளுக்குக் கிட்டப் போனால்தான் முடியும். அதை நீட்டியபடி நடந்தார்.

பெரிய காளை பக்கவாட்டில் திரும்பித் தலையைத் தாழ்த்தியதை, மங்கலாவதற்கு முந்தைய நொடியில் நெட்டை பார்த்திருந்தது. அது பாயப்போகும் அறிகுறி.

“ஐயா, போகாதீங்க!” என்று பைக்குள்ளிருந்து கத்தியது. ஜிப் மூடியிருந்தது.

ஜனவரி 10 அன்று கதிரேசனின் பதினாறாம் நாள் காரியம் நடந்தது.