லண்டனுக்கு ஒரே இடம்

"பட்டர்வொர்த் ஸ்டேஷன்லருந்து ரெண்டு ரயில் ஒரே நேரத்துல கிளம்புது. ஒண்ணு வடக்க போகுது, மணிக்கு அறுபது கிலோமீட்டர். இன்னொண்ணு தெக்க, நாப்பது. மூணு மணி நேரம் கழிச்சு நடுவுல எவ்வளவு தூரம்? சொல்லுங்க!"

அடுப்பில் நெத்திலி பொரிந்துகொண்டிருந்தது. புஷ்பவள்ளி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் நுழைவுத் தேர்வுக் கணக்குப் புத்தகமுமாக நின்றாள்.

அவள் புருஷன் தங்கராஜு நெற்றியைச் சுருக்கினான். விரல் விட்டு எண்ணினான். "அறுபது" என்றான்.

"அய்யோ கடவுளே! முந்நூறுங்க! எதிரெதிர்ப் பக்கமாப் போனா வேகத்தைக் கூட்டணும், கழிக்கக் கூடாது. இப்படி இருந்தா எப்படி லா லண்டன் போறது?"

வெல்ட் கீ துறைமுகச் சாலையில் இருவரும் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனி, இரண்டு வருஷ மேனேஜ்மென்ட் படிப்புக்கு ஓர் ஆளை லண்டனுக்கு அனுப்புகிறது. ஒரே இடம்தான். டிப்ளோமா வைத்திருக்கும் மூன்று பேரும் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார். தங்கராஜு, புஷ்பவள்ளி, ஸ்டோர் செக்‌ஷன் நாகூர் மீரான்.

அவர்கள் குடியிருந்த டத்தோ கிராமாட்டில் அக்கம்பக்கத்துக்கே இந்த ஜோடியைப் பார்த்துப் பொறாமை. வேலை விட்டு வந்தால் ஒரே மேசையில் கணக்கும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். எதிர்வீட்டு ஜெயலெட்சுமி, "அவங்களைப் பாத்தாவது திருந்துங்க" என்று தன் புருஷனை இடித்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு என்ன தெரியும்? தங்கராஜு படித்ததே பெயில் ஆவதற்கு.

புஷ்பவள்ளி லண்டன் போய்விட்டால் முழுசாக இரண்டு வருஷம். காற்றாடியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு தூங்கலாம். டிவியில் பந்து ஆட்டம் ஓடும்போது யாரும் குறுக்கே நின்று துணி மடிக்க மாட்டார்கள். முகம்மது கனி கடையில் நாசி கண்டார் சோறும் கறியும் கட்டி வந்து, இலையோடு மடியில் வைத்துச் சாப்பிடலாம். பத்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் மனுஷன் வேறென்ன கேட்டான்? நினைக்கும்போதே அவனுக்குக் கண் கலங்கியது.

இதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடை கொடுத்து ஒன்றின் கட்டத்தைப் பென்சிலால் தீட்டச் சொல்வார்கள். படிக்காமல் போய்க் கண்ட இடத்தில் தீட்டினால் குருட்டாம்போக்கில் சில சரியாகித் தொலைக்கும். அன்றைக்கென்று பார்த்துப் புஷ்பவள்ளி தடுமாறிவிட்டால் லண்டன் இவன் தலையில் விடியும். வம்பே வேண்டாம், ஒன்றுகூடச் சரியாகக் கூடாது. அதற்கு ஒவ்வொன்றுக்கும் சரியான விடை தெரிந்தாக வேண்டும்.

ஆகவே மாங்கு மாங்கென்று படித்தான். வட்டி, சதவிகிதம், தொட்டியும் குழாயும் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் சொல்லும் தப்பு விடைகள் ஒத்திகை.

தேர்வு நாளில் புஷ்பவள்ளி அவன் நெற்றியில் திருநீறு பூசி, சீவிய பென்சில்களைச் சட்டைப் பையில் சொருகினாள். "என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. நீங்க நல்லா எழுதினாப் போதும்."

'பாவம், நல்லவள்தான்' என்று நினைத்துக்கொண்டான். அதற்காக மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

ஹாலில் அவள் அவனுக்கு முன் வரிசை. தங்கராஜு ஐம்பது கேள்வியையும் பொறுப்பாகப் போட்டுப் பார்த்து, சரியான விடைக்குப் பக்கத்து விடையைத் தீட்டினான். நிமிர்ந்தால், புஷ்பவள்ளி எதையோ ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் தீட்டினாள். மறுபடியும் அழித்தாள்.

தண்ணீர்மலை முருகா, இவளைக் குழப்பிவிடாதே என்று வேண்டிக்கொண்டான்.

முடிவு வந்த அன்று மேனேஜர் ஸ்ரீஸ்கந்தராஜா இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து வம்சம், கண்டிப்பான மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மிஸ்டர் தங்கராஜு, உங்களுக்குப் பூஜ்யம்."

தங்கராஜு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். உள்ளே நாதஸ்வரம் முழங்கியது.

"கண்ணை மூடிக்கொண்டு தீட்டினாலும் பத்து சரியா வரும். பூஜ்யம் வாங்க எல்லா விடையும் தெரிஞ்சிருக்க வேணும். மனுசி போகட்டும் எண்டுதானே இப்படிச் செய்தனீங்கள்?"

"ஆமா சார்" என்றான். அதில் பொய் எதுவும் இல்லை.

"மிசிஸ் தங்கராஜு, உங்களுக்கும் பூஜ்யம்."

தங்கராஜு சடாரென்று திரும்பினான். புஷ்பவள்ளி அவனைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே ஃபெர்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் சி எண்டு தீட்டின நாகூர் மீரானுக்குப் பதினொண்டு. அவர்தான் லண்டன் போறார்."

"ரெண்டு வருஷம் போச்சே..." என்று புஷ்பவள்ளி வாய்க்குள் முணுமுணுத்தது மேனேஜருக்குக் கேட்கவில்லை. தங்கராஜுவுக்கு நன்றாகக் கேட்டது. அவன் வயிறு எரிந்துகொண்டிருந்ததும் அதற்குத்தான்.

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தருக்காக ஒருத்தர் லண்டனையே விட்டுக்குடுத்த சோடியை என்ர சர்வீஸில நான் கண்டதில்லை. கம்பெனி உங்களுக்கு ஏதாவது செய்ய வேணும்."

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இனி ஆபீஸில ஒருத்தர் மாடியிலயும் ஒருத்தர் கீழயும் இருந்து கஷ்டப்பட வேண்டாம், நாளைக்கே உங்கட ரெண்டு மேசையையும் ஒண்டாப் போடச் சொல்லிட்டன்!"