துண்டிப்புப் பிரிவு

கேபிள் நிறுவனத்தில், இணைப்பு வேண்டாம் என்பவர்களைச் சமாதானப்படுத்துவது அவன் ஒருவனுடைய வேலை. குறுக்கே பேசக் கூடாது, அவனாகப் போனை வைக்கக் கூடாது. எல்லாம் பதிவாகும்.

"கனெக்‌ஷனைக் கட் பண்ணிடுங்க. மாடியில ஆன்டெனா மாட்டியாச்சு. மத்ததை ஓடிடியில பாத்துக்கறோம்" என்றது பெண் குரல்.

அவன் நாற்காலியில் நெளிந்தான். முதுகுக்குப் பின்னால் மேலாளர் நின்றிருந்தார்.

"அவசரப்படாதீங்க மேடம். வீட்டுல சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"ஒரு மாசமா கேக்கறேன். செல்போன்லேர்ந்து தலையைத் தூக்காம 'ம்'ங்கறார்."

சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். "வேலைக் களைப்பா இருக்கும் மேடம்."

"அவருக்கு ஏன் இப்படிப் பரிஞ்சு பேசறீங்க?"

"பேரைக் கேளுப்பா" என்று மேலாளர் கிசுகிசுத்தார்.

அவன் கேட்டான். "கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு மேடம்?"

"உங்க பேர்லதாங்க" என்றாள் அவன் மனைவி. "வீட்டுல சொன்னா காதுல ஏறலை. இங்கேன்னா முழுசாக் கேட்டுத்தானே ஆகணும்?"

விதிப்படி இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்?"

"நிறைய இருக்கு. வரிசையாச் சொல்றேன், எழுதிக்குங்க."