அனுப்பு பொத்தானின் சந்தேகம்

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டு வைத்திருந்த கணினி நிரல்களிலிருந்து வந்தது அந்த ‘அனுப்பு’ பொத்தான். ரத்தம் தேடுகிறவர்களுக்கான இணையதளத்தில் அதை வைத்து மூன்று மாதம் சோதித்தார்கள். தினமும் நூறு பேர் வந்தார்கள். சோதிக்கிறவர்கள் ஒப்புக்குத் தட்டியதில் எல்லோர் பெயரும் ‘அஅஅஅ’. ஒருவரையும் விடாமல் அனுப்பிவைத்து, பொத்தான் சபாஷ் வாங்கியது.

தளம் திறந்த அன்று முதல் ஆள் வந்தார். பெயர் பூங்காவனம். மகளுக்கு அவசரமாக ரத்தம் வேண்டும்.

பொத்தானுக்குத் தலை சுற்றியது. “இப்படி ஒரு பேரு இருக்குமா?” என்று பெயர்க் கட்டத்திடம் கேட்டது.

“எனக்கும் குழப்பமாத்தாண்ணே இருக்கு. இத்தனை நாள்ல இப்படி யாரும் வந்ததில்லையே.”

“யாரோ விளையாடுறாங்க” என்று பொத்தான் முடிவுகட்டி, ‘சரியான பெயரை எழுதவும்’ என்று திருப்பி அனுப்பியது.

பூங்காவனம் மறுபடி எழுதினார். மறுபடி திரும்பியது. எட்டாவது தடவை, அழுகையும் ஆத்திரமுமாகக் கைக்கு வந்த எழுத்தை நாலு குத்து குத்தினார். கட்டத்தில் ‘அஅஅஅ’ என்று விழுந்தது.

பொத்தானுக்கு அப்பாடா என்றிருந்தது.

“வாங்க, வாங்க! காலையிலேருந்து உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்” என்று உடனே அனுப்பிவைத்தது.