எட்டுக் கைத் தலைவர்

காட்டுக்குப் படப்பெட்டி வந்த புதுசு. நூறு எண்ணி முடிக்கும்வரை ஆடாமல் அசையாமல் நின்றால்தான் படம் விழும். அந்த வித்தை தெரிந்த ஒரே ஆள் கொக்கு.

தேர்தலுக்கு முதல் நாள் குரங்கு ஓடி வந்தது. "கொக்கண்ணே, சந்தையிலே கரடி படம் தொங்குது. என் படமும் தொங்கலேன்னா நான் தோத்தேன்!"

"இருக்கிறது ஒரே கண்ணாடித் தகடு. அசைஞ்சீர்னா கொத்திடுவேன்," என்று கறாராகச் சொல்லிவிட்டுக் கொக்கு எண்ணத் தொடங்கியது.

குரங்கின் தலை அசையவில்லை. ஆனால் ஓட்டுப் போடுகிறவர்கள் வழியில் போகிறார்களே, கை சும்மா இருக்குமா? இடப்பக்கம் போன மானுக்கு ஒரு கும்பிடு, வலப்பக்கம் போன முயலுக்கு ஒன்று, மேலே கிளிக்கு ஒன்று, கீழே ஆமைக்கு ஒன்று.

தகட்டைக் கழுவிப் பார்த்தால், ஒரு குரங்கு, எட்டுக் கை!

"கெடுத்தீரே ஐயா!" என்று கொத்தப் பாய்ந்தது கொக்கு.

"அட, இதையே மாட்டுங்கண்ணே!"

எட்டுக் கைக்காரருக்கே ஓட்டெல்லாம் விழுந்தது. மறுநாள் விடிந்ததும் அவர் வாசலில் மனுவும் கையுமாக ஒரே கூட்டம். முயல் அவரை மேலும் கீழும் பார்த்தது.

"ரெண்டு கைதானே இருக்கு? பாக்கி ஆறு எங்கே?"

படம் பிடித்த கொக்கு கூட்டத்திலிருந்து மெல்ல நழுவப் பார்த்தது. குரங்கு அசரவே இல்லை.

"அதெல்லாம் உங்க வேலையாத்தான் தம்பி வெளியே போயிருக்கு!"