வடக்கு எந்தப் பக்கம்?

“மாலிஸ், வடக்கு எந்தப் பக்கம்?”

நகரத் திட்ட அலுவலகக் கவுன்டருக்குப் பின்னாலிருந்து கில்பர்ட் கேட்டார். எதிரே நின்ற டோனட் கடைக்காரி மாலிஸ் ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பைக்குள்ளும் ஒருமுறை பார்த்தாள்.

“மேல அண்ணே.”

“அப்ப உங்க படத்துல அம்பு ஏன் கீழ பார்க்குது?”

“ஐயோ, மறுபடியுமா!”

கம்போடியாவிலிருந்து கலிஃபோர்னியா வந்து முப்பது வருடமாகியும் எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிடும் பழக்கம் அவளை விடவில்லை. ‘அண்ணே’ என்பவளிடம் எப்படிக் கோபப்படுவது என்று கில்பர்ட்டின் விதிப்புத்தகத்தில் இல்லை.

“போன மாசம் கையெழுத்து இல்ல. அதுக்கு முந்தி மனை எண் தப்பு. அதுக்கும் முந்தி, கடை போட்டோ கேட்டா பூனை போட்டோ வெச்சிருந்தீங்க. ஒவ்வொரு தப்புக்கும் அனுமதி விசாரணை ஒரு மாசம் தள்ளிப்போகுது, தெரியுதா?”

“பூனை அழகா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அழகுதான். அதுக்காக டிஜிட்டல் போர்டுக்கு அனுமதி கொடுக்க முடியுமா?”

மாலிஸின் கடை ஒரு டயர் கடைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சாலையில் போகிறவர்களுக்கு அப்படியொரு கடை இருப்பதே தெரியாது. அவளுக்கு முன்னால் அங்கே கடை போட்ட இருவரும் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. மாலிஸ் தன் பழைய வேன் முழுக்க டோனட் படம் ஒட்டிச் சாலையோரம் நிறுத்திப் பார்த்தாள். “ஓடினா வண்டி, நின்னா விளம்பரம். விதி அப்படி” என்று அபராதச் சீட்டோடு போய் நின்றவர் வேறு யாருமில்லை, இதே கில்பர்ட்தான். அன்றிலிருந்து அவருக்கு டோனட் தொண்டையில் இறங்குவதில்லை.

“இங்க பாருங்க” என்று குரலைத் தாழ்த்தினார். “ரோட்டோரம் போர்டு கூடாது. உங்க கடைச் சுவத்துலதான் மாட்டணும். எட்டு சதுர அடிக்கு மேல போகக் கூடாது. எழுத்து ஓடக் கூடாது, மினுக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“அப்ப டயர் கடையோட முதுகுக்கு நல்லாத் தெரியும்.”

“கிண்டல் பண்ணாதீங்க. வெளிச்சமாவது வெளிய தெரியும்ல? சரி, அந்த மஞ்சப் பலகை இன்னும் நிக்குதா?”

‘இன்ன கடை போர்டு வைக்க அனுமதி கேட்டிருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்’ என்று ஊருக்கு அறிவிக்கும் பலகை அது. விண்ணப்பம் போட்டவரே தன் செலவில் நட வேண்டும்.

“நிக்குது அண்ணே. தினம் துடைச்சு வைக்கிறேன்.”

“விசாரணை முடியறவரைக்கும் எடுத்துடாதீங்க.”

“சத்தியமா தொட மாட்டேன்!”

கில்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். மதிய இடைவேளை. சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

“என்ன அண்ணே பண்றீங்க?”

“நானே வரைஞ்சு தர்றேன்.”

“வேண்டாம் வேண்டாம், நீங்க சாப்பிடுங்க. நான் அடுத்த மாசம் சரியா…”

“அடுத்த மாசம் நீங்க வடக்கைக் கிழக்குல கொண்டு போய் வைப்பீங்க. உட்காருங்க.”

பாவம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்தார். ஸ்கேல் வைத்துச் சுவரை வரைந்தார், அளவு குறித்தார், அம்பை இரண்டு முறை தடித்துப் போட்டார். கையெழுத்து போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டே காட்டினார்.

“முடிஞ்சது! வியாழக்கிழமை விசாரணை. விசாரணைக் குழுத் தலைவர்கிட்ட நானே பேசிடறேன், அனுமதி நிச்சயம். வெள்ளிக்கிழமை காலையில முதல் வேலையா அந்த மஞ்சப் பலகையைப் பிடுங்கிப் போட்டுடலாம்.”

மாலிஸின் கண்கள் நிறைந்துவிட்டன. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். அதைப் பார்த்த கில்பர்ட்டுக்கும் கண் கலங்கியது. அரசாங்கத்தில் இருந்துகொண்டும் நாலு பேருக்கு நல்லது செய்ய முடிகிறதே!

மறுநாள் காலை, அந்தச் சந்தோஷத்தில் அலுவலகத்துக்கு ஒரு டஜன் வாங்கிப் போகலாம் என்று கடைக்குப் போனார். காரை நிறுத்த இடமில்லை. டயர் கடையைச் சுற்றி வளைத்துக்கொண்டு சாலைவரை வரிசை நின்றது.

“என்னங்க, இன்னைக்கு இலவசமா?” என்றார் கடைசியில் நின்றவரிடம்.

“காசுதான். நானே அந்தப் பலகையைப் பார்த்து ஆட்சேபம் சொல்லலாம்னுதான் முதல்ல வந்தேன்” என்றார் அந்த ஆள், வெட்கத்தோடு. “மூணு மாசமா தினம் வர்றேன்.”

கில்பர்ட் திரும்பிச் சாலையோரத்தைப் பார்த்தார். எட்டடிக்கு நாலடி, விதிப்படி. அரை மைலுக்குக் கண்ணைப் பறிக்கும் மஞ்சள், விதிப்படி. ஓரடி எழுத்தில் கடையின் பெயர், கீழே கடைக்கு வழி காட்டும் படம், எல்லாம் விதிப்படி. மழைத்துளி ஒட்டாமல் பளபளவென்று துடைத்திருந்தது.

டோனட் வாங்காமலே அலுவலகம் திரும்பினார். மாலிஸின் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு போன் செய்தார்.

“மாலிஸ், வியாழக்கிழமை விசாரணை கிடையாது. படத்துல தப்பு இருக்கு.”

“அந்தப் படத்தை நீங்கதானே வரைஞ்சீங்க, அண்ணே?”

“ஆமா” என்றார் கில்பர்ட், ரப்பரால் அம்பின் தலையை அழித்து, அதை வாலில் வரைந்தபடியே. “அடுத்த மாசம் வாங்க. அதுவரைக்கும் பலகையைத் துடைச்சு வைங்க.”