தலையோடு மூடிய உடுப்பு

அவள் வேலை பார்க்கும், நானோ பொருள்கள் தயாரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனிக்கே கணவன் வந்து நின்றதும், அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

"நீ சும்மா இரு. சார், தலையோட மூடின உடுப்பு, கையுறை, முகமூடி... அந்தக் கலவை அவ்வளவு விஷமா? இவ உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

முதலாளி சிரித்தார். "கண்ணாடியில பூசற கலவைங்க, விஷமெல்லாம் இல்ல. இவங்க முடியோ தூசியோ விழுந்தா அதுதான் கெட்டுப்போகும். உடுப்பு இவங்களுக்காக இல்ல, கலவைக்காக. இவங்களுக்கே தெரியுமே, சொல்லலையா?"

எப்படிச் சொல்வாள்? அந்த உடுப்பில் அவளைப் புகைப்படத்தில் பார்த்த பிறகுதான் அவன், "சாப்பிட்டியா, களைப்பா இருக்கா" என்று கேட்கவே ஆரம்பித்திருந்தான்.

"அப்பாடா!" என்றான் கணவன்.

வீடு திரும்பும் பஸ் வந்ததும் அவளுக்கு முன்னால் ஏறி, காலியாக இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டான்.