மீனுக்கு யார் காசு?

ஒரு புதிர். ஒரே நாளில் பிறந்த இரட்டையர் இருவர். அக்கா நாலு வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்தாள். தம்பி நாலு வருஷம் கூரைக்குள் புகுந்து மின்கம்பி இழுக்கப் பழகினான். இருவருக்கும் முதல் முழுச் சம்பளம் ஒரே வாரத்தில் வந்தது. யாருக்கு அதிகம்?

பர்னி துறைமுகத்து மீன்கடைக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டில் இருந்த பத்து வயது பிப்பாவுக்கு விடை முன்பே தெரிந்துவிட்டது. அவள் அண்ணன் ஃபெர்கஸ் தன் சம்பளச் சீட்டை அப்பாவிடம் நீட்ட, அவர் நீளமாக ஒரு சீட்டி அடித்தார்.

"இவ்வளவா! முதல் மாசத்துலயேவா?"

"எலெக்ட்ரீஷியன் கிடைக்காம ஊரே தவிக்குதுப்பா. லைசென்ஸ் கையில வந்ததும் ராஜா மாதிரி பார்த்துக்கறாங்க." ஃபெர்கஸ் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"ரொவீனா முன்னாடி இப்படி ஆடாதே," என்றாள் அம்மா. "பாவம், அவ நாலு வருஷம் கண்ணு விழிச்சுப் படிச்சவ."

"நாலு வருஷம் முன்னாடி பந்தயம் கட்டினப்போ நாந்தான் ஜெயிப்பேன்னு குதிச்சது யாரு? அவதானே?"

பந்தயம் எளிமையானது. வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டை யாராவது ஒருவர் எல்லோருக்கும் வாங்கித் தருவது அந்த வீட்டு வழக்கம். முதல் சம்பளம் யாருக்கு அதிகமோ, ஜெயித்த அவரே அந்த வாரம் வாங்கித் தர வேண்டும்.

ரொவீனா கடை வாசலிலேயே காத்திருந்தாள். மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். பர்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தது.

"ஏய் படிப்பாளி, நகத்தைக் காட்டு!" என்றான் ஃபெர்கஸ். "அம்மா, பாருங்க. பட்டம் வாங்கியும் மண்ணைத்தான் நோண்டுறா."

"நீ மட்டும் என்னடா? மத்தவங்க வீட்டுக் கூரைக்குள்ள எலியோட குடித்தனம் நடத்துறவன்தானே."

"எலிகூட என் சம்பளத்தைக் கேட்டா எழுந்து நிக்கும்டி."

ரொவீனா சிரித்தாள். ஆனால் பர்ஸின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பிப்பா அதைக் கவனித்தாள்.

நாலு வருஷமாக அக்கா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பாவோ ஃபெர்கஸோதான் காசு கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா சொல்வாள், "வேலைக்குப் போனதும் நான் வாங்கித் தரேன். எழுதி வச்சுக்கோங்க." பிப்பா நிஜமாகவே எழுதி வைத்திருந்தாள். பதினேழு தடவை.

"இன்னிக்கு நானே கொடுத்துடறேனே," என்றாள் ரொவீனா. "பந்தயமெல்லாம் எதுக்கு?"

"அதெல்லாம் நடக்காது," என்றான் ஃபெர்கஸ். "தோத்துட்டு, போனாப் போகுதுன்னு காசு கொடுக்கலாம்னு பார்க்கறியா? முறைப்படி நடக்கட்டும். சீட்டு உறைக்குள்ள இருக்கும். நடுவர் பிப்பா. தொகை வெளியில வரக் கூடாது. பேரை மட்டும்தான் சொல்லணும்."

"அவ சொன்னா சரியா இருக்கும்," என்றார் அப்பா. "போன மாசம் நெட்பால் மேட்ச்ல புள்ளிக் கணக்கு எழுதினா. சொந்த ஸ்கூல் போட்ட கோலையே செல்லாதுன்னு அடிச்சவ. ஒரு புள்ளியில தோத்துச்சு அவ டீம்."

"அது கோல் வட்டத்துக்கு வெளியே இருந்து போட்டது," என்றாள் பிப்பா.

கடைக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அஞ்சு மீன், பெரிய சிப்ஸ் ஒண்ணு, உருளை அடை ஆறு. பொட்டலம் ரெடி! யார் காசு தர்றீங்க?"

"ஒரு நிமிஷம்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ரொவீனா தன் உறையை நீட்டினாள். ஃபெர்கஸ் கார் வரைக்கும் நடந்துபோய், டாஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒட்டித் தயாராக வைத்திருந்த உறையை எடுத்து வந்தான்.

பிப்பா இரண்டையும் வாங்கிக்கொண்டு கடல் பக்கம் இருந்த பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். நடுவர் என்றால் அப்படித்தான்.

முதலில் அக்காவின் சீட்டைப் பிரித்தாள். இரண்டு வாரச் சம்பளம், 2,460 டாலர். பாதியாக்கினாள். 1,230.

பிறகு அண்ணனின் சீட்டு. ஒரு வாரத்துக்கு 912.

பிப்பா மறுபடி பார்த்தாள். அப்பா சீட்டி அடிக்கிற தொகையா இது?

அப்போதுதான் மேல் வரியைப் படித்தாள். 'ஃபெர்கஸ், மூன்றாம் ஆண்டு அப்ரண்டிஸ்.' அதன் கீழே தேதி. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், ஜூன்.

நிமிர்ந்தாள். ஃபெர்கஸ் தக்காளி சாஸ் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தான். அவன் சட்டைப் பையில் புதுச் சீட்டின் முனை எட்டிப் பார்த்தது. அப்பா கடற்பறவைகளை எண்ணுகிறவர்போல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொவீனா ஜிப்பை மூடினாள். திறந்தாள்.

"என்ன நடுவரம்மா, கணக்கு வரலையா?" என்று ஃபெர்கஸ் அங்கிருந்தே கத்தினான். "என் தொகையில இருக்கற சைபரையெல்லாம் எண்ணி முடிக்க முடியலையோ?"

பிப்பா இரண்டு சீட்டையும் அவரவர் உறைக்குள் போட்டாள். அண்ணனின் உறையை மட்டும் நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்து வந்தாள்.

"ரொவீனா," என்றாள்.